மல்லாட்டைச் செடியோடு திண்டிவனம் மாநாட்டுக்கு!

விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் ஐந்து பக்கம் பிரிகிறது. செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஒன்று. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று. கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும், கிழக்கே புதுச்சேரிக்கும் மற்றவை. இதில் புதுச்சேரிப் பாதை 1879ஆம் ஆண்டே வந்துவிட்டது. தென்னார்க்காட்டு மானாவாரிக் காட்டில் விளைந்த மல்லாட்டை அந்தக் காலத்தில் புதுச்சேரியில் கப்பல் ஏறி, பிரான்சு நாட்டு மார்செய் நகரத்தின் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. அங்கே சோப்பும் ஆனது.

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடலை, நிலக்கடலை, வேர்க்கடலை என்று நீங்கள் சொல்வதைத்தான் இந்தப் பக்கம் மல்லாட்டை என்கிறார்கள். மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. பயிரின் பூர்வீகம் தென் அமெரிக்கா. பெயர் மட்டும் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாத வெள்ளிக்கிழமை காலை. அந்த ஜங்ஷனில் ஓர் அப்பாவும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் திண்டிவனம் போகும் பாசஞ்சருக்காக நின்றிருந்தார்கள். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துச் சிறு விவசாயி அவர். அவர் கையில் அரைக் கிலோ மண் கட்டிய துணிப்பை. மகள் கையில் சுருட்டிய சார்ட் அட்டைகள். மழை வந்தால் நனையக் கூடாது என்று யூரியா மூட்டைக்குள் இருக்கும் பாலித்தீன் பையைக் கழுவிக் காயவைத்து, அட்டைகளை அதற்குள் நுழைத்திருந்தார்கள். தோள்பையில் காயோடு பிடுங்கிக் காயவைத்த மல்லாட்டைச் செடிகள் இரண்டு கட்டு. ஒரு கட்டில் சிவப்புக் கயிறு, இன்னொன்றில் வெள்ளைக் கயிறு.

மறுநாள் சனிக்கிழமை, திண்டிவனத்தில் குழந்தைகள் அறிவியல் மாநாடு.

மதிப்பெண் கேட்காத மாநாடு

அமெரிக்காவில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து உறுப்பினராகச் சேர்க்கும் மாணவர் சங்கங்கள் உண்டு. 1921ல் தொடங்கிய ‘நேஷனல் ஹானர் சொசைட்டி’ அதில் பேர்போனது. அந்த மாதிரிச் சங்கங்கள் வட்டார மாநாடும் நடத்தும். பிள்ளைகள் சனி, ஞாயிறில் பெட்டி கட்டிக்கொண்டு போவார்கள். நம் ஊரில் அதற்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லக்கூடியது தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993ல் இருந்து நாடு முழுவதும் நடந்த இதைத் தமிழ்நாட்டில் ஒருங்கிணைத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகூட வரலாம் என்பது அதன் விதி. சொந்த ஊரில் ஒரு பிரச்னையை எடுத்து, அளந்து, எண்ணி, நோட்டில் குறித்து, மாவட்ட மாநாட்டில் நடுவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். தேறினால் மாநில மாநாடு, அதற்கு மேல் தேசிய மாநாடு.

விழுப்புரம் மாவட்டமும் அதே 1993ல்தான் தென்னார்க்காட்டில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது.

அந்தப் பெண்ணும், பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையனும் எடுத்த பிரச்னை, நம் கேள்வி-பதில் பகுதிக்கு அடிக்கடி வருகிற பிரச்னைதான். மல்லாட்டையில் காய் பிடிக்கிறது, உடைத்தால் உள்ளே பருப்பு இல்லை. பொக்கு! முந்தின வருஷம் அவர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோன மூட்டைகளில் பொக்கு அதிகம் என்று விலை இறங்கிப்போனது. நகைக் கடன் வட்டி அந்த வருஷம் அப்படியே நின்றது. ‘ஜிப்சம் போட்டால் சரியாகும்’ என்று பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மகள் சொன்னபோது, ‘புத்தகத்துல ஆயிரம் இருக்கும்’ என்றார் அப்பா. சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று ஆடிப்பட்டத்தில் அதே நிலத்தில் இரண்டு பாத்தி ஒதுக்கினார்கள். ஒன்றில் ஜிப்சம், ஒன்றில் இல்லை. ஐப்பசியில் பிடுங்கி, செடிக்குச் செடி காயை உடைத்து எண்ணினார்கள். சிவப்புக் கயிறு கட்டியது ஜிப்சம் போட்டது. அதில் பொக்கு கண்ணால் பார்த்தாலே குறைவு.

மார்கழிப் பட்டத்துக்கு 2 ஏக்கரிலும் ஜிப்சம் போடலாமா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. அதற்குப் பணம் புரட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை போனதற்குக் காரணம்

மாநாடு சனிக்கிழமை என்றாலும் வெள்ளிக்கிழமையே கிளம்பியது அப்பாவின் யோசனை. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் அதே ஊரில்தான். அரசு அலுவலகம் என்றால் சனி, ஞாயிறு நம்பிப் போக முடியாது. அத்தை வீடு திண்டிவனத்தில் இருப்பதால் ராத்தங்கலுக்கும் கவலை இல்லை.

முண்டியம்பாக்கம் வந்ததும் சர்க்கரை ஆலை. அடுத்து விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு பாலம். ரயிலில் போகிறவர்கள் சாதாரண நாளில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு அந்த இடத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் சென்னைப் பாதையில் ரயில்கள் நின்றுபோயின. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. விக்கிரவாண்டி தாண்டினால் பேரணி, மயிலம், அப்புறம் திண்டிவனம். வழியெல்லாம் நெல்லும் கரும்பும் குறைந்து, செம்மண் ஏறிக்கொண்டே வரும்.

புளியங்காடு என்பதுதான் திண்டிவனம் என்ற பெயரின் பொருள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. ஊரில் இருக்கும் சிவன் கோயிலில் சாமி பெயரே திந்திரிணீஸ்வரர். ஆனால் விவசாயிகள் வாயில் இந்த ஊர் அடிபடுவது வேறு காரணத்தால். விதைக் கடையில் ‘டி.எம்.வி. 7 இருக்கா?’ என்று கேட்கிறோமே, அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம். குடியாத்தம் கொத்துக்கடலையில் இருந்து தேர்வு செய்து 1940ல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம், ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போய்ப் பல பத்தாண்டுகள் நின்று விளைந்தது. டி.எம்.வி. 7 வந்தது 1967ல். எள்ளில் டி.எம்.வி. 3 இன்னும் பழசு, 1943. அரைக் கிலோ மண்ணைத் தூக்கிக்கொண்டு போன அந்த விவசாயி போட்டிருந்ததும் டி.எம்.வி. 7தான். அது பிறந்த ஊர் இது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

“வாங்கய்யா, உக்காருங்க. மண்ண எப்படி எடுத்தீங்க?” என்று கேட்டார் அங்கிருந்த அலுவலர்.

“நாலஞ்சு எடத்துல, ஆங்கில ‘வி’ மாதிரி அரையடி ஆழத்துக்கு வெட்டி, ஓரத்துல சுரண்டி எடுத்தோம் சார்” என்று மகள் முந்திக்கொண்டாள். “எல்லாத்தையும் கலந்து, நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கத் தள்ளிட்டு, மறுபடி பிரிச்சு...”

“வரப்பு ஓரம், எருக்குழி பக்கம் எடுக்கலியே?”

“இல்ல சார்.”

அவர் மண்ணை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம். விதைத்த 40 முதல் 45ஆம் நாளில், மண் அணைக்கும்போது செடியின் பக்கத்தில் இட்டு மூடிவிட வேண்டும். மானாவாரி என்றால் ஈரம் பார்த்து, 75ஆம் நாள் வரைக்கும் இடலாம். ஆனால், விழுது இறங்கி மண்ணுக்குள் போன பிறகு கொத்தைப் போட்டு மண்ணைக் கலைக்கக் கூடாது.

“வேருதான் சத்த எடுக்குதே சார், அப்புறம் எதுக்குக் காய் பக்கத்துல போடணும்?” என்று கேட்டார் அப்பா. நல்ல கேள்வி. வேர் உறிஞ்சுகிற சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு மேலே ஏறி இலைக்குப் போய்விடும். அங்கிருந்து அது திரும்பிக் கீழே இறங்காது. மண்ணுக்குள் கிடக்கும் காய், தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன் தோல் வழியாகத் தானே சுற்றியுள்ள மண்ணில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் கூடு மட்டும் வளரும், பருப்பு வளராது. மல்லாட்டைக்கு மட்டும் ஜிப்சத்தைக் காய் இறங்கும் இடத்தில் போடச் சொல்வது அதனால்தான். ஜிப்சத்தில் கந்தகமும் இருப்பதால் எண்ணெய்ச் சத்துக்கும் நல்லது.

அப்பா தலையாட்டினார். அத்தை வீட்டுக்குப் போகும் வழியில், “சொல்றாரு. நம்ம கொல்லையிலயும் அதானே ஆச்சு” என்றார். அலுவலர் சொன்னதற்காக இல்லை, தன் கொல்லையில் பார்த்ததற்காக நம்பினார் என்பது குரலிலேயே தெரிந்தது.

“பள்ளத்துல சார்”

சனிக்கிழமை காலை டீச்சரும் பையனும் முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். மாநாடு நடந்த வளாகம் முழுக்கப் பிள்ளைகள். சீருடையில் பாதி, தீபாவளிச் சட்டையில் பாதி. செஞ்சி, மேல்மலையனூர், வானூர், மரக்காணம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் கால் வெடிப்பு, ஏரிக்கரைப் பனைமரங்களின் எண்ணிக்கை, சத்துணவில் மிஞ்சும் சோறு. ஒவ்வொரு அட்டையிலும் ஓர் ஊரின் கவலை ஒட்டியிருந்தது. பெற்றோர் அறைக்குப் பின்னால் நின்று கேட்கலாம் என்றார்கள். அப்பா ஜன்னல் ஓரம் நின்றார்.

கொடுத்த சில நிமிடத்தில் இருவரும் தடுமாறாமல் சொல்லி முடித்தார்கள். பையன் செடிகளைத் தூக்கிக் காட்டினான். மூன்று மாத நோட்டில் மழை பெய்த நாள், களை எடுத்த நாள் எல்லாம் இருந்தது. நடுவர் நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் மகள் வரைந்திருந்த நிலத்தின் படத்தில் விரலை வைத்தார்.

“ஜிப்சம் போட்ட பாத்தி எது? மேட்டுலயா, பள்ளத்துலயா?”

“பள்ளத்துல சார்.”

“மழைத் தண்ணி எங்க நிக்கும்?”

“பள்ளத்துல.”

“அப்ப காய் நெறைஞ்சது ஜிப்சத்தாலயா, ஈரத்தாலயா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பையன் அவளைப் பார்த்தான். டீச்சர் தரையைப் பார்த்தார்.

“தெரியல சார்” என்றாள். அப்புறம், யாரும் கேட்காமலே, “மாத்திப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்” என்றாள்.

சாயங்காலம் மாநில மாநாட்டுக்குத் தேர்வான பெயர்களை வாசித்தார்கள். அவர்கள் பெயர் இல்லை. சான்றிதழும், ஒரு பேனாவும் கிடைத்தது.

டீக்கடையில் அப்பாவுக்குக் கோபம். மகள் மேல் இல்லை. “என்னா டீச்சர் இது? நேத்து ஒருத்தர் போடுங்கன்றாரு. இன்னிக்கு ஒருத்தர் போட்டதாலதான் வெளைஞ்சுதுன்னு என்னா நிச்சயம்ன்றாரு. படிச்சவங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லக் கூடாதா?”

“ரெண்டு பேரும் ஒண்ணேதாண்ணா சொல்றாங்க” என்றார் டீச்சர். “160 கிலோன்னு அவரு சொன்னது ஒரு கொல்லையில பாத்துச் சொன்னதில்ல. பல ஊருல, பல வருஷம், மேட்டுலயும் பள்ளத்துலயும் போட்டுப் பாத்தது. நாம ஒரே ஒரு பாத்தியப் பாத்துட்டு முடிவு பண்ணிட்டோம். நானும்தான் கவனிக்கல.”

அப்பா டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “ஜிப்சம் மூட்டையத் தூக்கினு மேட்டுக்கு ஏறச் சோம்பப்பட்டு, பள்ளத்துலயே கொட்டுங்கன்னு சொன்னது நான்தான்” என்றார் கடைசியில். மகள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அன்று முழுவதும் அவள் சிரித்தது அப்போதுதான்.

இந்தத் தப்பு பெரிய பெரிய பண்ணைகளிலும் நடந்ததுதான். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற ஆராய்ச்சிப் பண்ணையில் 1843ல் இருந்து வயல் சோதனைகள் நடக்கின்றன. 1919ல் அங்கே சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற கணக்கு வல்லுநர், ஒரே வயலுக்குள்ளும் மண்ணும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறும் என்பதைக் கணக்கில் எடுத்தார். ஒவ்வோர் உரத்தையும் பல பாத்திகளில் போட வேண்டும், எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தார். இன்று ஒரு ரகத்தை வெளியிடுவதற்கு முன் ஆராய்ச்சி நிலையங்கள் செய்யும் சோதனையெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். நம் கொல்லையில் அதைச் செய்ய நாலு குச்சியும், கொஞ்சம் கயிறும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை, கல்லாகிப்போன மரம்

ஞாயிறு காலை ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று பையனுக்கு ஆசை. திண்டிவனத்தில் இருந்து 28 கிலோமீட்டர்தான். மூன்று மலை, அத்தனை படி, பெரிய நெற்களஞ்சியம். அரை நாளில் முடிகிற காரியமா அது? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்துவிட்டது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போவதே சரி.

பதிலாக, மயிலம் வழியாகத் திருவக்கரைக்குப் போனார்கள். வக்கிரகாளி கோயிலுக்குப் பௌர்ணமி, அமாவாசையில் கூட்டம் அலைமோதும். மற்ற நாளில் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பராமரிக்கும் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாக மாறிச் செம்மண்ணில் கிடக்கின்றன. புதுச்சேரியில் இருந்து வந்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சோன்னரா 18ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதிவைத்தார். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட புளியங்கட்டை மாதிரிதான் இருக்கும். கிட்டப் போய்த் தட்டினால் ‘ணங்’ என்கிறது. வளையம்கூடத் தெரிகிறது. சில்லு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று கை துறுதுறுக்கும். கூடவே கூடாது, சட்டப்படி குற்றம்.

“இங்கயே வளந்த மரமா சித்தப்பா இது?” என்று கேட்டான் பையன்.

அப்பா ஒரு கட்டையைச் சுற்றி வந்தார். அடுத்ததையும் பார்த்தார். “வேரு இல்ல. கெளையும் இல்ல. எல்லாம் படுத்துக் கெடக்குது. வெள்ளத்துல உருண்டு வந்திருக்கும்டா” என்றார். ஆய்வாளர்கள் சொல்வதும் அதுதான். எங்கோ வளர்ந்து, பழைய காலத்து ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து கல்லானவை. மகள் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள்.

பூங்காவுக்குப் பக்கத்தில் ஓடுவது சங்கராபரணி. செஞ்சி ஆறு, வராக நதி என்றும் பெயர்கள் உண்டு. இதே ஆற்றில் மேலே, 1959ல் கட்டி முடித்த வீடூர் அணை இருக்கிறது. 32 அடி உயரம். தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் அதில் பாசனம் பெறுகின்றன. கார்த்திகை மழைக்கு ஆறு செந்தண்ணியாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கரையில் நின்று வெகுநேரம் அதையே பார்த்தார்.

விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் பையனும் டீச்சரும் தூங்கிவிட்டார்கள். அப்பா டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். மாநாட்டில் மகளுக்குக் கொடுத்த பேனா அது.

“மேட்டுல ரெண்டு, நடுவுல ரெண்டு, பள்ளத்துல ரெண்டு. ஆறு பாத்தி. ஒவ்வொரு எடத்துலயும் ஒண்ணுக்குப் போடறது, ஒண்ணுக்குப் போடாதது. சரியா?”

“சரிப்பா. ஆனா எதுக்குப் போடறதுன்னு நீங்க சொல்லக் கூடாது.”

“பின்ன யாரு சொல்றது?”

“சீட்டுக் குலுக்கணும்.”

“மிச்ச நெலத்துக்கு?”

“ஆபீசர் சொன்ன மாதிரி 160 கிலோ. மண்ணு ரிசல்ட் வரட்டும், பாத்துக்கலாம்.”

அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். விக்கிரவாண்டி தாண்டும்போது, “பத்தாவது முடிச்சா அடுத்தது விழுப்புரத்துலதான் சேக்கணும் இல்ல? காலையில பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

“ஏழே காலுக்குப்பா.”

“அதுல கூட்டம் இருக்குமே” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.